தம்பியைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் ஃபோனில் பதில் சொல்லாதது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். "உங்க ரெண்டு பேருக்கும் பிறகு தம்பிய யாரும்மா பாத்துக்குவாங்க? நான் வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்திரட்டா?" என்று கேட்டாய். தம்பி என் பக்கத்தில்தான் நின்றான். ஆட்டிசத்தால் அவன் வாயில் வருவது நாலைந்து சொல்தான் என்றாலும் காதில் விழுவது அவ்வளவும் அவனுக்கு விளங்கும். அவனை முன்னால் நிறுத்திக்கொண்டு அவனைப் பற்றிப் பேசுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

வர வேண்டாம் மக்களே. இங்கிலாந்துக் குளிரும் நைட் டூட்டியும் போதும், திருவட்டாரில் வாழவேண்டும் என்று உனக்கே ஆசை வந்தால் நாளைக்கே வா. தம்பியைப் பார்க்க ஆளில்லை என்பதற்காக மட்டும் வராதே. நான் இருந்த இடத்தில் உன்னை உட்கார வைத்தால் அந்தக் கேள்வி சில வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அவனுக்கு 25 வயது, உனக்கு 29. உனக்குக் கால்வலி வரும்போது அவனுக்கும் வரும். ஒற்றை ஆளை நம்பி நிற்கிற எந்த ஏற்பாடும் அவனுக்குப் போதாது. பல பேர் வேண்டும். அந்தப் பல பேரைச் சேர்க்கிற வேலையைத்தான் நானும் அப்பாவும் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

உனக்குத் தெரியும், எனக்குக் கண்ணில் புரை விழுந்து எவ்வளவு காலம் ஆபரேஷன் தள்ளிப்போனது என்று. டாக்டர் இல்லாமலோ பணம் இல்லாமலோ தள்ளிப்போகவில்லை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நான் படுத்திருக்கும்போது தம்பியோடு யார் இருப்பது என்பது ஒன்றுதான் தடை. ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த ஜெபத்துக்குக் கூட்டிப்போ, அந்த வைத்தியரைப் பார், ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகுமாம் என்று. "நீ போய் ரெண்டு மணிநேரம் தூங்கு, நான் பிள்ளையோட இருக்கேன்" என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள்தான் நம்மைத் தாங்கியவர்கள்.

மார்த்தாண்டத்தில் பெற்றோர் கூடுகிறோம் என்று சொன்னேனே, அது இந்த ஒரு தேவையிலிருந்து வந்ததுதான். தேவாலய ஹால் ஒன்றை இலவசமாகத் தந்தார்கள். குளச்சல் பக்கத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருத்தி வருகிறாள், குலசேகரத்திலிருந்து ரப்பர் பால் வெட்டுகிற அப்பா ஒருவர் வருகிறார். முதலில் அழுதோம், பிறகு முறை போட்டுக்கொண்டோம். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வைத்துக்கொள்வது. தம்பி புது வீட்டில் இருக்கப் பழகவே மாதங்கள் ஆயின. முதலில் நானும் கூட இருந்தேன், பிறகு வாசலில் இருந்தேன், பிறகு பஸ் ஸ்டாண்டு வரை போய் வந்தேன். இப்போது குலசேகரத்து வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறான். தலையணையும் அவனுடைய ஸ்டீல் டம்ளரும் கூடப் போகவேண்டும், அவ்வளவே. கண் ஆபரேஷனும் அப்படித்தான் முடிந்தது. சித்தி மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய், பந்தியில் எரிசேரியிலிருந்து பால்பாயசத்தில் போளி பிசைந்து சாப்பிடுகிறது வரை எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு அதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இங்கிலாந்தில் 2014-இல் ஒரு சட்டம் வந்தது, அதன்படி வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறவர் தனக்கு என்ன உதவி வேண்டும் என்று மதிப்பிடச் சொல்லிக் கவுன்சிலிடம் கேட்கலாம் என்று நீ சொன்னாய். அதை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள், "அம்மாவுக்கு என்ன வேண்டும்" என்று ஒரு அரசாங்கம் கேட்குமா என்று அந்தக் குளச்சல் அம்மா ஆச்சரியப்பட்டாள். நமக்கும் அது வரவேண்டும். வரும் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதுவரை வந்தது பெரும்பாலும் பெற்றோர் கூடிக் கேட்டு வந்ததுதான். லியோ கானர் 1943-இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை ஒரு தனி நிலையாக விவரித்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பெரிய பெரிய டாக்டர்களே தாய்க்குப் பாசம் போதவில்லை, அதனால்தான் பிள்ளை இப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை எதிர்த்து நின்றவர்களில் பெற்றோர் முக்கியமானவர்கள். லோர்னா விங் என்கிற மனநல மருத்துவருக்கு ஆட்டிசம் உள்ள மகள். அவரும் வேறு பெற்றோரும் சேர்ந்து 1962-இல் லண்டனில் தொடங்கிய சங்கம்தான் இன்று அங்கே உள்ள தேசிய ஆட்டிசம் சங்கம். தில்லியில் மெரி பரூவா தன் மகனுக்காகத் தேடப்போய் 1991-இல் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் 1995-இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது, 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக்குள் ஒன்றாகச் சேர்ந்தது. உன் அப்பாவின் அம்மாவே "யாரு சாபமோ" என்று என்னைப் பார்த்துச் சொன்ன வீட்டில் இதையெல்லாம் தேடிப் படித்ததுதான் என்னை நிமிர்த்தி வைத்தது.

இனி ஏற்பாடுகளைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

18 வயது முடிந்தால் பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டார்கள். அதனால்தான் அவனுக்கு 18 ஆனதும் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவில் மனு கொடுத்து நானும் அப்பாவும் பாதுகாவலர் சான்று வாங்கினோம். ஒரு வங்கியில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கோர்ட் உத்தரவு கொண்டுவா என்றார்கள். அந்தச் சான்றை ஏற்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது என்று எடுத்துக் காட்டிய பிறகுதான் கணக்கு திறந்தது. எங்களுக்குப் பிறகு மேக்காமண்டபத்துப் பெரியப்பா மகன் பாதுகாவலராக இருக்கச் சம்மதித்திருக்கிறான். தம்பிக்கு அவனைப் பிடிக்கும், அவன் பைக் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவான். பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்கவேண்டும், வருடா வருடம் கணக்கும் காட்டவேண்டும். சரியாகப் பார்க்கவில்லை என்றால் உறவினர் யாரும் குழுவிடம் மனு கொடுத்து மாற்றச் சொல்லலாம். அந்த இடத்தில்தான் நீ எனக்கு வேண்டும். கணக்கைக் கேட்கிற அக்காவாக இரு, போதும். பாதுகாவலராக இருப்பவர் இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருக்கவேண்டும் என்று விதி உண்டு. நீ அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மாற யோசித்தால் இதற்காகத் தயங்காதே என்றுதான் இதையும் சொல்கிறேன்.

பணம் பெரிய கவலை இல்லை. மாதம் 2,000 ரூபாய் அரசுப் பராமரிப்புத் தொகை வருகிறது. நிராமயா என்கிற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் வரை இருக்கிறது, தெரபி செலவுக்கும் அதில் கேட்கலாம். சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு எனக்கும் அப்பாவுக்கும் பிறகு என் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுக்கப் போகும், அதற்கான மருத்துவச் சான்றை இப்போதே சேர்த்துவிட்டேன். வீடும் ரப்பர் விளையும் உங்கள் இருவருக்கும் சரிபாதி. தம்பியைப் பார்த்துக்கொண்டால் கூடுதல் பங்கு, இல்லையென்றால் குறைவு என்று எழுதும்படி ஒருவர் யோசனை சொன்னார். அப்பா அவரைப் பேசவே விடவில்லை. உனக்குரியது உனக்கு, அதில் எந்த நிபந்தனையும் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு வருகிற, பேச முடியாத நோயாளிகளைப் பற்றி ஒரு தாள் வைத்திருப்போம் என்றாயே, அதைக் கேட்டு நானும் ஒரு நோட்டு எழுதியிருக்கிறேன். தம்பி தலையைச் சுவரில் முட்டினால் முதலில் பல்லைப் பார்க்கவேண்டும், பிறகு காதை, பிறகு மலச்சிக்கலை. இரண்டு வருடம் முன்பு கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் பிடித்தபோது, ஆட்டிசம் இருந்தால் இப்படித்தான் முட்டுவார்கள் என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். நான் விடவில்லை. பல்லை எடுத்த அன்றே முட்டுவது நின்றது. தட்டில் மீன்கறி சோற்றைத் தொடக்கூடாது, மட்டி வாழைப்பழம் தின்பான், ஏத்தன் பழம் தொடமாட்டான். திருவிழா வெடி சத்தம் தாங்காது. நம்ம ஊர்ப் பையன்கள் இப்போது வெடி போடுகிற நேரத்தை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுகிறார்கள், அவர் அவனைக் கூட்டிக்கொண்டு குலசேகரம் போய்விடுவார். இதெல்லாம் நோட்டில் இருக்கிறது. காலையில் அப்பாவோடு விளையில் ரப்பர் பால் உறையவைக்கப் பாத்திரம் வரிசையாக வைப்பது, மெஷினில் ஷீட் அடித்ததைக் கம்பியில் காயப்போடுவது அவன் வேலை. ஒன்றுகூடக் கோணலாக இராது. அதற்கு அவனுக்குக் கூலி உண்டு, அவன் கணக்கில் போடுகிறோம். இதையும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு அவனை வைத்திருக்கிறவர்கள் டி.வி. முன்னால் உட்காரவைத்துவிடக் கூடாது.

கல்யாணப் பேச்சில் தம்பியை மறைக்கவேண்டாம். முதல் பேச்சிலேயே சொல். அதைக் கேட்டு விலகுகிறவர்கள் விலகட்டும். அந்த வீட்டில் நீ நிம்மதியாக இருக்கமாட்டாய்.

ஒன்று மட்டும் தவறாமல் செய். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி என்றால் அவனுக்கு ஆறு மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றும்போது உன் அழைப்பு இங்கே ஏழு மணிக்கு வந்துவிடுகிறது, அந்த ஒரு மணிநேரம் அவன் வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பான். அன்றிலிருந்து நீ பகல் 12.30-க்குக் கூப்பிடவேண்டும். டூட்டி இருந்தால் சனிக்கிழமையே சொல், நான் காலண்டரிலிருந்து உன் படத்தை எடுத்துவிடுகிறேன்.

நோட்டின் பக்கங்களையும் பாதுகாவலர் மனுவையும் மேக்காமண்டபத்து அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். மனுவில் அவனோடு அவன் மனைவி பெயரையும் சேர்க்கலாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அவர்களுக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பும் மனு கொடுக்க முடியும் என்பதால் அப்படி ஒன்றையும் இப்போதே பார்த்துவைக்கவேண்டும் என்கிறார் அப்பா. நீ படித்துவிட்டு உனக்கு ஒத்துவராததை எழுது. உள்ளூர்க் குழுவின் வருகிற கூட்டத்துக்கு முன்னால் உன் பதில் கிடைத்தால் நாகர்கோவில் போய் மனுவைக் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
அம்மா