2023–24 ஆண்டறிக்கை: சுலோச்சன முதலியார் பாலத்தை முன்வைத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் தவிர மற்ற மாதங்களில் நம் மன்றக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. டிசம்பரில் நடக்காததன் காரணம் எல்லோருக்கும் தெரியும். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. அந்த நாட்களில் வெளியூர் உறுப்பினர்கள் பலர் போன் செய்து, வீட்டு நலம் விசாரித்த கையோடு "பாலம் எப்படி இருக்கு?" என்றும் கேட்டார்கள். பாலம் நின்றது. மீதமிருந்த மாதங்களை அதன் வரலாற்றுக்கே ஒதுக்குவது எனச் செயற்குழு முடிவெடுத்தது.

பள்ளிகளில் பேசப் போனபோது, இது வெள்ளைக்கார அரசு தன் கஜானாவிலிருந்து கட்டிய பாலம் என்றே பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். அப்படியல்ல. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க அந்நாளில் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பாலத்துக்கு ஊராரிடம் நன்கொடை திரட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை அலுவலராக) இருந்த சுலோச்சன முதலியார் முழுச் செலவையும் தானே ஏற்றார். சுமார் 50,000 ரூபாய்! 1840-களில் அது எத்தனை பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துப் பொறியாளர் ஹார்ஸ்லி வடிவமைத்த 11 கண் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. மாதிரியாக இருந்த லண்டன் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். நம்முடையது 1869 வெள்ளத்தில் சேதப்பட்டும் மீண்டது, பிற்பாடு அகலப்படுத்தப்பட்டது, பக்கத்தில் புதுப் பாலம் வந்த பின்னும் பஸ்களைச் சுமக்கிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கல் இடுக்குகளில் அரசங்கன்றுகள் முளைக்கின்றன. வேர் தடிக்குமுன் அகற்றினால் செலவு சொற்பம். விட்டுவிட்டால் கட்டுமானமே பிளக்கும். அகற்றக் கோரி மனு அளித்திருக்கிறோம், பதில் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் மீண்டும் நேரில் சென்று கேட்க வேண்டும். பாலத்தின் வரலாற்றைச் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்றை இரு கரையிலும் வைக்க அனுமதி கோரும் தீர்மானத்தையும் இப்பேரவை நிறைவேற்றித் தரவேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளோர் இன்றே செலுத்தினால் பலகைச் செலவுக்கு உதவும்.

நன்றி.
செயலாளர்