பாத்ஷீபாவின் பண்ணையையும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்' நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: ஆடு மேய்க்கும் ஓக், பெரும் பண்ணையார் போல்ட்வுட், படைவீரன் டிராய் ஆகிய மூவரில் பாத்ஷீபா எவர்டீன் யாருக்கு வாழ்க்கைப்படுவாள்? 1874-இல் 'கார்ன்ஹில்' இதழில் தொடராக வந்த அந்நாவலில், அத்தை வீட்டுச் சோற்றை நம்பியிருந்த ஓர் இளம்பெண் பண்ணை ஒன்றை ஏற்று நடத்தித் தலைநிமிர்ந்த கதையும் இருக்கிறது. அது பேசப்படாமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தந்தையின் சகோதரர் இறந்ததும் வெதர்பரிப் பண்ணை அவள் பொறுப்புக்கு வருகிறது. வந்த சில நாட்களிலேயே, இரவில் தானே சுற்றிப் பார்க்கப் போனவள், களஞ்சியப் படிகளில் பார்லியோடு இறங்கிவந்த காரியஸ்தர் பென்னிவேஸைக் கையும் களவுமாகப் பிடித்து வேலையை விட்டு நீக்குகிறாள். அவருக்குப் பதிலாக வேறொருவரை வைக்காமல், மேற்பார்வையைத் தானே ஏற்றுக்கொள்கிறாள். கணக்கேடும் கித்தான் பணப்பையுமாக மேசையில் அமர்ந்து, ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துக் கூலி கொடுத்து, 'நீங்கள் கண்விழிக்குமுன் நான் எழுந்திருப்பேன். நீங்கள் எழுமுன் வயலில் இருப்பேன்' என்று அவள் சொல்லும் இடத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

காஸ்டர்பிரிட்ஜ் தானியச் சந்தைக் காட்சி அதைவிடச் சிறந்தது. ஆண்கள் மட்டுமே நிறைந்த அந்த மண்டபத்தில் அவள் ஒருத்திதான் பெண். மாதிரிப் பையிலிருந்து தானியத்தைத் தன் சிறிய உள்ளங்கையில் கொட்டி, தேர்ந்த வியாபாரியைப் போலவே ஏந்திக் காட்டுகிறாள்; தன் விலையில் உறுதியாக நின்று, எதிராளியின் விலையை விடாமல் குறைக்கிறாள். களத்தில் நெல்லை அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்து விலை பேசுபவர்களைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் நின்று பேரம் பேச எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஓக் இல்லாவிட்டால் அவள் பண்ணை பிழைத்திருக்காது என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கோபத்தில் தானே வேலையை விட்டு அனுப்பிய அந்த மனிதரை, ஆடுகள் வயிறு உப்பிச் சாகக் கிடந்த வேளையில், தன் செருக்கை விழுங்கிக்கொண்டு கடிதம் எழுதி அழைத்தவளும் அவள்தான். அதை நான் நிர்வாகத் திறமை என்றே சொல்வேன்.

அவளுடைய பெருந்தவறு டிராயை மணந்தது. மணமானதும் மனைவியின் பணமும் பொருளும் கணவனுக்கே உரியவை என்பது இங்கிலாந்தின் பழைய சட்டம். 1870-இல் வந்த சட்டம் மனைவி உழைத்துப் பெறும் ஊதியத்தை அவளுக்கே உரியதாக்கியது. விரிவான சொத்துரிமை கிடைக்க 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பின்னணியில் படிக்கும்போதுதான், டிராய் ஒரே மாதத்தில் நூறு பவுண்டுக்கு மேல் குதிரைப் பந்தயத்தில் தோற்பதன் கொடுமை புரிகிறது.

தங்கள் இலக்கியப் பகுதியில் இந்நாவல் அடுத்த முறை அறிமுகமாகும்போது, அந்தப் புயல் இரவைச் சற்று விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். மூடப்படாமல் மழைக்குக் காத்துக் கிடந்தவை ஐந்து கோதுமைப் போர், மூன்று பார்லிப் போர். ஓக் போட்ட கணக்கில் 750 பவுண்டு பெறுமானம். டிராய் ஊற்றிக் கொடுத்த பிராந்தியில் பண்ணையாட்கள் அனைவரும் மயங்கிக் கிடக்க, மின்னல் வெட்டும் வெட்டவெளியில் ஓக்கோடு சேர்ந்து அவளும் கூரை வேயும் கட்டுகளைச் சுமந்து ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி