29ஆம் வாரத்தில் பிறந்த எங்கள் மகளுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

29 வாரங்களே கருவில் இருந்து பிறந்த எங்கள் மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாக அவள் மூச்சைக் காத்த மருத்துவர்களுக்கும், அவளை என் மார்போடு சேர்த்துக் கங்காரு பராமரிப்பில் வைத்துக்கொள்ளக் கற்றுத்தந்த செவிலியர்களுக்கும் எங்கள் முதல் நன்றி.

வீடு திரும்பியதோடு கவலை தீர்ந்தது என்றே நாங்கள் நம்பியிருந்தோம். மூளையின் மடிப்புகள் பெருமளவில் உருவாவதும் நரம்பிழைகள் இணைவதும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் என்பதையும், அந்த வளர்ச்சியைக் கருப்பைக்கு வெளியே கடந்த குழந்தைக்குச் சில சிரமங்கள் பள்ளி வயதில்தான் தெரியவரும் என்பதையும் பொறுமையாக விளக்கி, இரண்டு வயதில் எல்லாம் சரியாக இருந்தபோதும் தொடர் பரிசோதனையை நாங்கள் நிறுத்தாமல் பார்த்துக்கொண்ட குழந்தைநல மருத்துவருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் சொன்னது எட்டு வயதில் புரிந்தது. சரளமாக வாசிக்கும் பிள்ளை, கணக்கின் இரண்டாம் வரிக்கு வருவதற்குள் முதல் வரியின் எண்களை மறந்துவிடுவாள். கவனமில்லை என்று நானும் அவளைக் கடிந்துகொண்டேன். அது இன்றும் என்னை வருத்துகிறது. உளவியல் நிபுணர்தான் அவளை முறையாகச் சோதித்து, செயல் நினைவாற்றலும் (ஒரு வேலையை முடிக்கும்வரை தேவையானதை மனதில் பிடித்துவைக்கும் திறன்) தகவலை உள்வாங்கும் வேகமும் குறைவாக இருப்பதையும், துறுதுறுப்பு இல்லாமலே கவனம் மட்டும் நழுவுவது மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவதையும் எடுத்துச் சொன்னார். சோம்பல் என்ற சொல் அன்றோடு எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று.

நாங்கள் நேரில் கண்டிராதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பவேரியாவில் 1985, 1986 ஆண்டுகளில் குறைமாதத்தில் பிறந்து, 26 வயதிலும் ஆய்வாளர்கள் முன் வந்து அமர்ந்தவர்களும் அவர்களின் பெற்றோரும் அவர்கள். இத்தகைய சிரமங்கள் வயதோடு தாமாக மறைந்துவிடுவதில்லை என்பதை உலகம் அறிந்தது அவர்களைப் போன்றோரால்தான். சராசரி அளவில் மிகக் குறைமாதத்தில் பிறந்தோரின் நுண்ணறிவு மதிப்பெண் நிறைமாதத்தில் பிறந்தோரைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒவ்வொரு பிள்ளையும் வெகுவாக வேறுபடுகிறது என்பதும் அதே ஆய்வுகள் காட்டிய உண்மை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, தேர்வில் கூடுதல் நேரம், எண்களை முதலில் ஓரத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றைத் தந்த கணித ஆசிரியைக்கு நான் இங்கே அதிகம் எழுதவில்லை. அவருக்கான கடிதத்தைத் தானே எழுதுவேன் என்று மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நன்றியுடன்,
ஒரு தாய்