எங்கள் சாலையை எண்ணித் தந்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஏழு நாள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. தாள்களைக் கூட்டிச் சரிபார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கே அட்டையும் பென்சிலுமாகப் பள்ளிக்கூட முக்கில் வந்து உட்கார்ந்த மாணவர்களுக்கு முதல் நன்றி. 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், வண்டிக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. கேட்க எளிதாகத்தான் இருக்கும். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால், எது எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து எழுதுவதற்குள் கண் பூத்துவிடும். மழை பிடித்துக்கொண்ட அன்று ஒரு தங்கை தாளைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினாள். ஒரு கோடுகூட அழியவில்லை.

வேகம் அளக்கக் கற்றுக்கொடுத்த பொறியாளர் அண்ணனுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். நம்மிடம் கருவி ஏதும் இல்லை. சாலையில் 50 மீட்டர் அளந்து இரண்டு சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். அந்தத் தூரத்தை 5 விநாடியில் கடந்தால் வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3 விநாடி என்றால் 60. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினார். பிள்ளைகள் அதன்பிறகு சிரித்துப் பேசாமல் வேலை பார்த்தார்கள். சராசரியோடு நிறுத்திவிடாமல், நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான். வெறும் சராசரியில், மெதுவாகப் போகும் டிராக்டர்கள் பாய்ந்து போகும் வண்டிகளை மறைத்துவிடும்.

வளைவில் எதிரே வருவது தெரியாமல் தினமும் படும் பாட்டைப் பொறுமையாக விளக்கிய பேருந்து ஓட்டுநருக்கும், ஏழு நாளும் திண்ணையை விட்டுக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

முதல் நாள் மாலை அந்தத் திண்ணைக்கு வந்த பாட்டி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “நடந்து போறவங்கள எங்கப்பா எழுதுவீங்க?” என்றார். எழுத இடமே இல்லை. வண்டிகளை மட்டும் எண்ணுவதாக அந்தத் தாளைத் தயாரித்தவன் நான். தவறு என்னுடையது. இரவோடு இரவாகக் கட்டம் சேர்த்தோம்.

மூன்றாம் நாள், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் சாலையில் இறங்குவதும் பின்வாங்குவதுமாக நான்கு முறை தவித்தான். அதை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறோம். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று, சாலைப் பாதுகாப்புக்காகக் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாட்டின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. நம் கோரிக்கை மனுவில் அதோடு இந்தக் குறிப்பையும் சேர்த்திருக்கிறோம்.

தாள்களின் நகல் நூலகத்தில் இருக்கிறது. பிழை கண்டால் திருத்துங்கள். பாட்டி, நடப்பவர்களுக்கான கட்டம் இப்போது தாளில் முதலாவதாக இருக்கிறது.

நன்றியுடன்,
கணக்கெடுப்பை ஒருங்கிணைத்தவன்