மூடுபனி விலகும் வரை எங்கள் வீட்டில் இரு

எலத்தகிரி,
டிசம்பர் 15.

அன்பு நண்பனுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. தொலைபேசியில் பேசினால் எதற்கும் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், ஆகவே எழுதுகிறேன். உன் மகன் 23ஆம் தேதி விடியற்காலை விமானத்தில் தில்லியிலிருந்து பெங்களூருக்குப் புறப்படுவதையும், அங்கு மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து நீ உறக்கம் இழந்திருப்பதையும் அறிந்தேன். அவன் வராவிட்டால் நட்சத்திரம் கட்டாமல், குடில் வைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன் என்று முடித்திருக்கிறாயே, தங்கச்சி மறைந்தபின் வரும் முதல் கிறிஸ்துமஸை நீ அப்படிக் கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் அவன் பயணத்தைப் பார்ப்போம். வட இந்தியச் சமவெளியில் இம்மாதங்களில் காற்று அசையாத, வானம் தெளிந்த இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று மூடுபனியாக மாறிவிடுகிறது. வெயில் ஏறினால்தான் அது விலகும். வெறும் 50 மீட்டர் தூரமே கண்ணுக்குத் தெரிந்தாலும் விமானத்தைத் தரையிறக்க உதவும் கருவிகள் தில்லியில் உண்டு. ஆனால் விமானத்திலும் அதற்கேற்ற வசதி இருந்து, விமானியும் தனிப் பயிற்சி பெற்றிருந்தால்தான் அவை பயன்படும். பெங்களூரிலும் இந்த மாதத்து விடியற்காலைகளை நம்ப முடியாது. எனவே முடிந்தால் 22ஆம் தேதி பிற்பகல் விமானத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல். ஒரு நாளாவது கையில் இருக்கும். இரயில் வேண்டாம். ஒழுங்காக ஓடினாலே ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். சிக்னல் தெரியாத பனியில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள்.

2022இல் என் மகள் குடும்பம் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்ததும், கிறிஸ்துமஸ் சமயத்தில் அடித்த பனிப்புயலில் அவ்வூர் விமான நிலையம் டிசம்பர் 23ஆம் தேதி மூடப்பட்டு 28ஆம் தேதிதான் திறக்கப்பட்டதும் உனக்கு நினைவிருக்கும். காருக்குள் சிக்கியே சிலர் உயிரிழந்த புயல் அது. பெட்டி கட்டி வைத்திருந்த மகள் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருந்தாளே என்று உன் அண்ணி அழுதுகொண்டே செபமாலை சொன்னாள். அவர்கள் ஜனவரியில் மூன்று இராசாக்கள் திருநாளுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தார்கள். அதுவரை குடிலைக் கலைக்காமல் வைத்திருந்து, அன்று மீண்டும் விருந்து சமைத்தோம். பேரப்பிள்ளைகளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உன் மகனுக்காகவும் அப்படிக் காத்திருக்கலாம். ஆனால் நீ காத்திருக்க வேண்டிய இடம் பூட்டிய வீடு அன்று, எங்கள் வீடு.

இங்கும் குளிர் அதிகம். குடிலில் புல்வெளி வைக்கத் தட்டில் தூவிய கேழ்வரகு வழக்கத்தைவிட மெதுவாக முளைக்கிறது. உன் அண்ணி அதைப் பகலில் வெயிலுக்கும் இரவில் அடுப்படிக்கும் மாற்றி மாற்றி வைக்கிறாள். பனி இறங்கியதால் அவரைக்காய்க்கு நல்ல வாசம் ஏறியிருக்கிறது. நீ வந்தால் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் என்று அவள் இப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பெங்களூரிலிருந்து தருமபுரிக்கு வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி வழியாகத்தானே வருகிறது? எத்தனை மணிக்கு வந்தாலும் மகன் கிருஷ்ணகிரியிலேயே இறங்கிக்கொள்ளட்டும். இரவில் வாடகைக் காரில் ஓசூர் சாலையில் விரைந்து வர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். நீ 24ஆம் தேதி காலையிலேயே கோவிலூரிலிருந்து கிளம்பிவிடு. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் நான் நிற்பேன். நடுநிசிப் பூசைக்குப் போக ஸ்வெட்டரும் மப்ளரும் எடுத்துக்கொள். இக்கடிதம் கிடைத்த அன்றே, அவன் பயணச்சீட்டை மாற்றினானா என்பதைக் கேட்டு எனக்குத் தொலைபேசியில் சொல்.

உன் அன்பு நண்பன்.