திரவ உரக் கிடங்கின் தடுப்புத் தொட்டி: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

வேலை முடிந்துவிட்டது. கடைசி நீர்ச் சோதனை தேறி, மூன்று உரத் தொட்டிகளும் தடுப்புத் தொட்டிக்குள் (உரம் கசிந்தால் வெளியே ஓடாமல் பிடித்துவைக்க அவற்றைச் சுற்றிக் கட்டிய காங்கிரீட் தொட்டிக்குள்) நிறுத்தப்பட்டு, முதல் லாரி சரக்கும் இறக்கியாயிற்று. சொன்ன நாளுக்கு ஐந்து மாதம் பிந்தியிருக்கிறோம். ஒப்புக்கொண்ட தொகையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியாக இணைக்கப்பட்டுள்ளது. அந்த எண்களுக்குப் பின்னால் குழு என்ன முடிவு எடுத்தது, ஏன் எடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"சிமெண்ட் தொட்டி ஒன்று கட்ட இவ்வளவா?" என்று போன கூட்டத்தில் கேட்டவர்களில் சிலர், முன்பு உரம் சிந்திய இரவில் என்னோடு மண்வெட்டி பிடித்தவர்கள். லாரியிலிருந்து இறக்கும்போது குழாய் இணைப்பு கழன்று, ஓடிப்போய் வால்வை அடைப்பதற்குள் சில நூறு லிட்டர் வெளியே போய்விட்டது. மண்ணைப் போட்டு அணைத்தோம். அப்படியும் ஒரு பகுதி வாய்க்காலில் இறங்கி ஓடைக்குப் போய், மறுநாள் காலை மீன்கள் செத்து மிதந்தன. அம்மோனியா மீனுக்கு விஷம். நைட்ரேட் கிணற்றுக்குக் கேடு. நாம் வைத்திருக்கும் யூரியா அம்மோனியம் நைட்ரேட் கரைசலில், எடையில் 32 சதவீதம் நைட்ரஜன் உள்ள ரகத்தில், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 420 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் வரைதான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிந்திய ஒரு லிட்டரில் உள்ள நைட்ரஜன் முழுவதும் மண்ணில் நைட்ரேட்டாக மாறினால், 37,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். ஒரே ஒரு லிட்டர். நம் பெரிய தொட்டி 50,000 லிட்டர் பிடிக்கும்.

சுவர் உயரத்தில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரைபடத்தில் தடுப்புத் தொட்டி உள்ளளவில் 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம். கொள்ளளவு 64.8 கன மீட்டர். உள்ளே நிற்கும் தொட்டிகளில் மிகப் பெரியதன் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தடுப்புத் தொட்டி தாங்க வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றப்படும் விதி. நமக்கு அது 55 கன மீட்டர். 64.8 இருக்கிறதே, தாராளம் என்று குழுவும் கையெழுத்துப் போட்டது, நானும் போட்டேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் குழு உறுப்பினர் ஒருவர்தான், சுவர் எழும்பிய பிறகு ஒரு மாலை வந்து, "மற்ற இரண்டு தொட்டிகள் பிடிக்கும் இடத்தைக் கழித்தீர்களா?" என்று கேட்டார். கழிக்கவில்லை. 3 மீட்டர் விட்டமுள்ள இரண்டு தொட்டிகள் நிற்கும் பரப்பைக் கழித்தால் மிஞ்சுவது 56.3 கன மீட்டர்தான். தேவைக்கு மேல் 1.3 கன மீட்டர். திறந்தவெளித் தொட்டியில் 12 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த இடமும் போய்விடும். அடிமேடைகளையும் கழித்தால் அதுகூட இல்லை.

அதனால் சுவரை 90 சென்டிமீட்டராக உயர்த்த முடிவு செய்தோம். இப்போது 55 கன மீட்டர் போக, ஒரே நாளில் 150 மில்லிமீட்டர் மழை கொட்டினாலும் தாங்கி, அதற்கு மேலும் ஏறக்குறைய அரைச் சாண் சுவர் மிஞ்சும். இந்த உயர்வு எங்கள் கணக்குப் பிழையால் வந்த கூடுதல் செலவு. ஒப்பந்ததாரர் மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. கூடுதல் செலவில் ஏறக்குறைய பாதி இதற்கே போயிற்று. குழு இதற்கு முழுப் பொறுப்பு ஏற்கிறது.

அப்புறம் வந்ததுதான் தகராறு.

வரைபடத்தில் தளமும் சுவரும் சேரும் இடம் முழுக்க நீர்த்தடுப்புப் பட்டை பதிக்க வேண்டும் என்று இருந்தது. காங்கிரீட்டில் ஒரு நாள் போட்ட கலவையும் மறுநாள் போட்ட கலவையும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. நடுவே ஒரு கோடு இருந்துகொண்டே இருக்கும். அந்தக் கோட்டின் வழியேதான் திரவம் வெளியேறும். உயர்த்திய 30 சென்டிமீட்டரைப் போடும் முன் பழைய சுவரின் தலையைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, இடையில் ஊறிப் பருக்கும் பட்டையை வைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். இரண்டையும் செய்ததாக ஒப்பந்ததாரர் சொன்னார். நாங்கள் எல்லா நாளும் பக்கத்தில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும்.

உரத் தொட்டிகளை இறக்கும் முன் தடுப்புத் தொட்டியில் 85 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நிரப்பினோம். உள்ளேயே, கழுத்து வரை தண்ணீரில் மூழ்கியிருக்கும்படி நிரப்பிய வாளி ஒன்றை ஏணிப்படியில் கட்டி வைத்தோம். வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவு. தொட்டி அதைவிட அதிகமாக இறங்கினால் அது கசிவு. 48 மணி நேரத்தில் வாளியில் 8 மில்லிமீட்டர் இறங்கியது. தொட்டியில் 31. வித்தியாசம் 23 மில்லிமீட்டர், 108 சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 2,500 லிட்டர்.

"புதுக் காங்கிரீட் முதலில் தண்ணீர் குடிக்கும்" என்றார் ஒப்பந்ததாரர். அது உண்மைதான், மறுக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் ஊறவிட்டு மறுபடி அளந்தோம். வாளி 9, தொட்டி 29. இதற்குள் கிழக்குச் சுவரின் அடியில், வெளிப்பக்கம், மண் நனைந்து ஒரு கோடாகத் தெரிந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் 60 சென்டிமீட்டர் உயரத்தில் அங்கங்கே ஈரம் பூத்திருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு கிழக்குச் சுவரின் அடியை ஓரிடத்தில் கொத்திப் பார்த்தபோது பட்டையே இல்லை. அந்த வாரம் பட்டை வந்து சேரவில்லை, ஆட்களைச் சும்மா உட்கார வைக்க முடியவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

உள்ளே நீர்புகாப் பூச்சு பூசித் தருகிறேன் என்றார். நம் உறுப்பினர்களிலும் பாதிப் பேர் அதை ஏற்கச் சொன்னார்கள். உரப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிலர் என் வீட்டுக்கே வந்து, "ஈரக்கசிவுக்காகச் சுவரை இடிப்பார்களா?" என்று கோபமாகவே கேட்டார்கள். அவர்களுக்கு அன்று சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் நானும் பூச்சுக்குச் சம்மதித்திருப்பேன். அம்மோனியம் நைட்ரேட் காங்கிரீட்டையே தின்னும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கரையும் உப்பாக மாறி, அம்மோனியாவாக மூக்கைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். இணைப்பு அசைந்து பூச்சில் முடி அளவு விரிசல் விட்டாலும், அதன் வழியே உள்ளே போய்ச் சுண்ணாம்பைக் கரைத்து, கம்பியை அரித்து, அந்த இணைப்புக் கோட்டைப் பெரிய திறப்பாக்கிவிடும். அதுவும் நமக்குத் தெரியாமல் நடக்கும். பெரிய தொட்டி உடையும் நாளில்தான் தெரியவரும்.

குழுவுக்கு வெளியே இருந்து, கட்டுமானப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்துக் காட்டினோம். கட்டணம் வாங்காமல் இரண்டு நாள் வந்து பார்த்தார். கிழக்குச் சுவரை இடித்துக் கட்டுங்கள், மற்ற மூன்றில் இணைப்புக் கோட்டை வெட்டித் திறந்து அடைத்தால் போதும் என்று எழுத்தில் கொடுத்தார். அந்தக் கடிதம் அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

ஒப்பந்ததாரர் ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது நாள் வேலை நின்றது. வழக்குப் போடச் சொன்னார்கள், வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்கள். நான் இரண்டையும் எதிர்த்தேன். பாதியில் நிற்கும் வேலையை எடுக்க வருபவர் முந்தியவர் செய்த எதற்கும் பொறுப்பேற்க மாட்டார். அவருக்குத் தர வேண்டியதில் பத்து சதவீதம் பிடித்தமாக நம் கையில் இருந்தது. அதோடு, 60-இல் இருந்த அந்த இணைப்பே நாம் நடுவில் உயரத்தை மாற்றியதால் வந்தது. முதலிலேயே 90 என்று சொல்லியிருந்தால் ஒரே வார்ப்பில் போட்டிருப்பார். இதை அவரிடம் நேரில் ஒப்புக்கொண்டோம். கடைசியில், கிழக்குச் சுவரை அவர் செலவில் இடித்துக் கட்டுவது, மற்ற மூன்று சுவர்களின் இணைப்பு வேலையில் பொருள் நம்முடையது, கூலி அவருடையது என்று முடிந்தது. இதை விட்டுக்கொடுப்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இதுவே நியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது.

இந்த முறை கலவை விழுந்த ஒவ்வொரு மணி நேரமும் குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்றார். 28 நாள் நீராற்றிய பிறகு மறு சோதனை: வாளி 10, தொட்டி 10. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு காய வைத்து உள்பக்கம் முழுக்க எபாக்சி பூச்சு இரண்டு கை. ஈரம் இருந்தால் பூச்சு உரிந்துவிடும் என்பதால், நடுவில் மழை வந்து மூன்று வாரம் போயிற்று. வேலி, விளக்கு, பெயர்ப்பலகை, நடைபாதை எல்லாம் குறித்தபடி முடிந்தன.

தண்ணீர் வெளியேறச் சுவரில் வால்வு வைக்காதது ஏன் என்று இன்னும் கேட்கிறார்கள். வைத்தால் மழைக்குத் திறந்துவிட்டு மூட மறந்துபோவோம். திறந்த வால்வுள்ள தொட்டி தொட்டியே இல்லை. அதனால் சுவரை எந்தக் குழாயும் துளைக்கவில்லை, எல்லாம் சுவருக்கு மேலே ஏறி இறங்குகின்றன. மூலையில் ஒரு சேகரிப்புக் குழி, அதிலிருந்து இறைக்க, ஆள் நின்று கையால் சுவிட்சு போடும் பம்பு. தானியங்கி மிதவைச் சுவிட்சும் வேண்டாம் என்று வைத்தோம். உரம் கசிந்தால் அது உரத்தையும் சேர்த்து இறைத்து ஓடைக்கு அனுப்பிவிடும். மழைநீரில் உரம் கலந்திருக்கிறதா என்று சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் வெளியே விடுகிறோம். உரம் கலந்திருந்தால் வயலுக்குப் போகிறது, அங்கே அது உரமாகவே பயன்படும்.

பெரிய தொட்டியை ஓடைப் பக்கச் சுவரிலிருந்து 4.5 மீட்டர் தள்ளி நிறுத்தியதில் இடம் வீணானது என்ற குறையும் வந்தது. தொட்டி 5.2 மீட்டர் உயரம், சுவர் 0.9. பக்கவாட்டில் ஓட்டை விழுந்து பீய்ச்சினால் சுவர்மட்டத்தில் அதிகபட்சம் 4.3 மீட்டர் தூரம் பாயும். மறுபக்கம் சுவர் ஒரு மீட்டரில் இருக்கிறது, ஆனால் அங்கே விழுவது ஏற்றி இறக்கும் தளத்தில். அந்தத் தளமும் விளிம்பு கட்டி, சரிவு கொடுத்து, குழி ஒன்றுக்கு வடிகிறது. நமக்கு நேர்ந்ததுபோல் சிந்துவது பெரும்பாலும் ஏற்றி இறக்கும் இடத்தில்தான்.

சிறிய தொட்டிகளைத் தளத்தோடு இழுத்துக் கட்டியிருப்பதும் காரணத்தோடுதான். பெரிய தொட்டி உடைந்து அரை மீட்டர் திரவம் நின்றால், காலியாக உள்ள சிறிய தொட்டியை அது ஏறக்குறைய 4.6 டன் விசையோடு மேலே தூக்கும். தொட்டியின் எடை 1 டன்னைக்கூடத் தொடாது. மிதந்து, குழாய்களைப் பிய்த்துக்கொண்டு போகும்.

2008 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் என்ற ஊரில், 20 லட்சம் கேலன் பிடிக்கும் திரவ உரத் தொட்டி ஒன்று பிளந்தது. வெல்டிங் வேலையில் இருந்த இருவர் படுகாயமடைந்தனர். குறைந்தது 2 லட்சம் கேலன் உரம் திரும்பக் கிடைக்கவில்லை, ஒரு பகுதி எலிசபெத் ஆற்றில் கலந்தது. வெல்டிங் சரியில்லை, முடிந்த வேலையை முறையாகச் சோதிக்கவும் இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. தொட்டி ஒரேயடியாகப் பிளந்தால் எழும் அலை தடுப்புச் சுவரைத் தாண்டக்கூடும், நம் சுவரையும்தான். ஆகவே தண்ணீர்த் தொட்டியாக விற்பதை வாங்காமல், தண்ணீரைப்போல் 1.5 மடங்கு எடையுள்ள திரவத்துக்கென்று செய்த தொட்டிகளை வாங்கினோம். நம் கரைசல் லிட்டருக்கு 1.3 கிலோ.

கொடுத்தவர்களுக்கு நன்றி. பலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லாப் பெயர்களையும் விட்டுவிட்டு, கொடுத்ததை மட்டும் எழுதுகிறேன். சரளை எட்டு நடை அனுப்பியவர், இடித்த சுவரை அள்ள டிராக்டர் தந்த அண்ணன் தம்பி இருவர், சோதனைத் தண்ணீர் மூன்று முறையும் தன் கிணற்றிலிருந்து விட்ட அம்மா, பம்பு தந்தவர், சோதனைப் பட்டைகளை ஓராண்டுக்கு வாங்கித் தந்தவர், இரவுக் காவலுக்கு முறை வைத்து வந்த பதினோரு இளைஞர்கள், கணக்குப் பிழையைக் கண்டுபிடித்த ஆசிரியர். பித்தளை வால்வுகள் கொண்டுவந்த மூத்த உறுப்பினரிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்தக் கரைசல் பித்தளையை அரித்துவிடும். அவர் வருத்தப்படாமல் அதே மதிப்புக்குத் துருப்பிடிக்காத எஃகு வால்வுகள் வாங்கித் தந்தார்.

மீதியுள்ளவை: பிடித்தத் தொகையில் பாதி, ஒரு மழைக்காலம் கழித்து மறு சோதனை தேறிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் போகும். அவரும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கிறார். பம்பின் சாவி, தொட்டி வால்வுகளின் பூட்டுச் சாவிகள், மழைநீர்ப் பதிவேடு மூன்றும் புதிய பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டன. பதிவேட்டில் முதல் பதிவு போன வாரம் விழுந்தது: 14 மில்லிமீட்டர் மழை, பட்டை சுத்தம், இறைத்தாயிற்று, பம்பு அணைத்தாயிற்று.

பணிக்குழுவுக்காக,
அமைப்பாளர்