நரியைப் பிடிப்பதற்கு முன் அந்த மூட்டையை அள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் நரி நடமாட்டம், மக்கள் பீதி என்று சென்ற வாரம் தங்கள் இதழில் செய்தி வந்திருந்தது. கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் என்று சிலர் அதில் கேட்டிருந்தார்கள். நானும் ஒரு நரியை நேரில் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

இங்குள்ள பழைய வீடுகளைப் போல எங்கள் வீடும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அன்று விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளிக்கப் பின்வாசலைத் திறந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரோரம் வெள்ளைச் சாக்கு மூட்டை ஒன்றை ஏதோ இழுத்துக்கொண்டிருந்தது. நாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், கூர்மூக்கு, தொங்கிய புசுபுசு வால். வாளிச் சத்தம் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவர் இடிந்த சந்துக்குள் நுழைந்துவிட்டது. வாயில் ஒரு கோழிக்கால். அதன் மஞ்சள் தோலும் நகமும்கூடத் தெரிந்தன.

அந்தப் பக்கத்து வீடு முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பது. இரண்டாம் கட்டில் ஓடு சரிந்துவிட்டது, கொல்லை முழுக்கச் சீமைக்கருவேல். மரநாய் ராத்திரி ஓட்டின் மேல் ஓடுவது எங்களுக்குப் பழகிவிட்டது. கூகையும் கீரியும் உண்டு. இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் ஆறு.

நரி ஆளைத் தேடி வருவதில்லை. வயல் எலி, நண்டு, இலந்தைப் பழம், தரையில் இட்ட மயில் முட்டை, இவைதான் அதன் தீனி. குன்றக்குடியை மயில்மலை என்று கும்பிடுகிறவர்கள் நாம். ஆனாலும் மயில் கடலையைக் கிளறிவிட்டது என்று புலம்பாத சம்சாரி இன்று இங்கே இல்லை. மயில் இப்படிப் பெருகியதற்கு நரி குறைந்துபோனதும் ஒரு காரணம் என்று வயதான விவசாயிகள் சொல்கிறார்கள்.

அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நரிக்கும் வெறிநோய் வரும். பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டோ, ஆளைக் கண்டும் ஒதுங்காமலோ வந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் உங்கள் செய்தியில் சேர்த்திருக்கலாம்.

செய்தி வந்த மறுநாள் என் மகன் டீக்கடையில் கேட்டு வந்து சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கறிக்குள்ள வெடியை வச்சுட்டா முடிஞ்சது" என்றாராம் ஒருவர். 2021-இல் திருச்சி பக்கம் ஒரு நரி இப்படித்தான் வெடி கடித்துச் செத்தது, 12 பேர் கைதானார்கள். 2022-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது நரியையும் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், சேர்த்துவிட்டார்கள். சட்டத்தை விடுங்கள், அந்த வெடியை மேய்ச்சல் மாடு கடித்தால் என்ன ஆகும்? விளையாடப் போகிற பிள்ளை கையில் எடுத்தால்?

நான் பார்த்த அந்த மூட்டைக்கு வருகிறேன். கோழிக்கடைக் கழிவை ராத்திரியில் ஊருணிக் கரையிலும் பூட்டிய வீட்டுச் சந்திலும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதற்கு நாய் வருகிறது, நரியும் வருகிறது. இரண்டும் சண்டையிட்டுக் கடித்துக்கொண்டால் வெறிநோய் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றிவிடும். இந்த நரியைப் பிடித்துக்கொண்டு போனாலும், மூட்டை கிடக்கிறவரை அடுத்தது வரும்.

திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதுவும் நம் சிவகங்கை மாவட்டம்தான். நாம் கறிக்கழிவைக் கண்ட இடத்தில் கொட்டாமல் இருந்தால் போதும். ஊராட்சிகளும் மாநகராட்சியும் தினமும் கடை அடைக்கும் நேரத்தில் வண்டி அனுப்பி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டுக் கொல்லையை வெட்டி, சுவரை அடைக்க வேண்டும்.

அடுத்த முறை நரியைப் பற்றி எழுதுவதற்கு முன், உங்கள் நிருபரை ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் ஊருணிக் கரைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோட்டையூர்.